கல்லில் இருக்கிறது தாத்தாவின் ஊர்

உங்கள் தோட்டம் இன்னும் தோட்டமாகவே இருக்கிறதா, அல்லது வீடமைப்புப் பகுதியாகிவிட்டதா? 1990களில் புத்ராஜெயா எழும்புவதற்குப் பிராங் பெசார் உட்பட நான்கு தோட்டங்கள் இடம் கொடுத்தன. அங்கிருந்தவர்கள் டெங்கில் வட்டாரத்தின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். இப்படித் தோட்டம் கைமாறும்போது வீடு, நஷ்ட ஈடு, கோயில், தமிழ்ப்பள்ளி என்று பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால், இடுகாட்டுப் பேச்சு கடைசியில்தான் வருகிறது.

எலும்புகளைக் கலயத்தில் இட்டு வேறிடத்தில் புதைத்துவிடலாம். பழைய சிமெண்டுக் கல்லோ பெயர்க்கும்போதே உடைந்துவிடும். உடைந்தால் அதிலுள்ள எழுத்தும் போயிற்று. "சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா" என்று ஊர்ப்பெயர் பொறித்த கல்லென்றால், அந்தக் குடும்பத்துக்குப் பூர்வீகத்தைச் சொல்லும் ஒரே எழுத்து அதுவாகவே இருக்கலாம்.

ஆகவே, இடம் மாற்றும் தகவல் வந்ததுமே போய்ப் படியுங்கள். காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்தும் தெரியும். பாசியை ஈரத் துணியால் துடைத்தால் போதும். கம்பித் தூரிகையும் அமிலமும் வேண்டவே வேண்டாம். எழுத்தையும் சேர்த்து அரித்துவிடும்.

ஆங்கில ஆண்டு இல்லையே என்று திகைக்க வேண்டாம். "சித்திரபானு வருடம், ஆவணி மாதம்" என்றிருந்தால் அது 1942. தமிழ் ஆண்டு அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். சித்திரபானு 1882-லும் வந்தது, 2002-லும் வந்தது. 1882-இல் இங்கே ரப்பர்த் தோட்டம் ஏது? கல்லின் பழமையைப் பார்த்தால் 2002-உம் இல்லையென்று தெரிந்துவிடும். அதே சித்திரபானு, தை மாதமென்றால் மட்டும் 1943 என்று எழுதுங்கள். தமிழ் ஆண்டு சித்திரையில்தானே பிறக்கிறது!

அடுத்து வந்தது சுபானு. சயாம் மரண ரயில் பாதை முடிந்த ஆண்டு. அங்கே மாண்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களுக்கு நம் இடுகாடுகளில் கல் இல்லை. சில குடும்பங்களில் மனைவியின் கல்லில் கணவர் பெயர் இருக்கும், அவருக்கென்று தனிக் கல் இருக்காது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கல்லையும் தனியாகவும், பக்கத்துக் கற்களோடு வரிசையாகவும் படமெடுங்கள். கல்லுக்கும் கலயத்துக்கும் ஒரே எண் எழுதச் சொல்லிப் பிடிவாதம் பிடியுங்கள். இல்லாவிட்டால் புது இடத்தில் ஒருவர் கல்லின் கீழே இன்னொருவர் உறங்குவார்.

கங்காணிக்கும் கிராணிக்கும் மேடை கட்டிய சமாதி. பால் வெட்டியவருக்கு மரக்கட்டை. சாவிலும் பெரட்டுக்களத்து வரிசைதான்! அந்தக் கட்டையும் கறையான் தின்று போயிருக்கும். செம்பருத்திச் செடி ஒன்றே அடையாளமாக நிற்கும் குழிகளும் உண்டு. லயத்தில் பிறந்து வளர்ந்த பாட்டிமார் யாரேனும் இருந்தால் கையோடு அழைத்துப் போங்கள். எந்தச் செடியின் கீழே யார் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். கல்லுள்ளவர்களை அடுத்த வாரமும் படிக்கலாம். இவர்களை முதலில் எழுதுங்கள்.