பத்தொன்பது வடையும் இருபது இலையும்

மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் தொலைக்காட்சியோடு இணைத்ததும் அடியிலுள்ள டாஸ்க்பார் பாதி மறைந்துபோகிறதே, எழுத்துக்களும் மங்கலாயிருக்கின்றனவே, கடைக்காரர் சொல்கிறபடி தங்கமுலாம் பூசிய கேபிள் வாங்கினால் இந்தத் தோஷம் நீங்குமா என்று வாசகர் ஒருவர் வினவியிருக்கிறார். நீங்காது. கேபிளில் ஓடுவது எண்களாதலால், அது பழுதானால் படத்தில் பொட்டுப் பொட்டாக மின்னும், அல்லது படமே அற்றுப்போகும்; நாலு ஓரத்தையும் அளந்து வெட்டி, எஞ்சியதை மங்கலாக்கித் தரும் சாமர்த்தியம் எவ்வளவு மட்டமான கேபிளுக்கும் கிடையாது. குற்றவாளி தொலைக்காட்சிப் பெட்டிதான். அது செய்யும் காரியத்துக்கு 'ஓவர்ஸ்கேன்' என்று பெயர்.

சரித்திரம் சொல்லாமல் தீராதாகையால் சுருக்கிச் சொல்கிறேன். படக்குழாய்க் காலத்தில், வெளிச்சமான காட்சி வந்ததும் எலெக்ட்ரான் கற்றை பலக்க, அதை இழுக்கும் உயர் மின்னழுத்தம் சற்றே தளர, வேகம் குறைந்த எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் அதிகமாக வளைந்து, படம் நாலாபக்கமும் வீங்கும். இருண்ட காட்சியில் சுருங்கும். இந்த அசைவு கண்ணில் படாதிருக்க, ஓரங்கள் சட்டத்துக்கு அப்பால் ஒளியும்படி படத்தைப் பெரிதாக வரைந்தார்கள். அன்று அது நல்ல யுக்தி. புள்ளி ஒன்றுகூட அசையாத தட்டைத் திரையில் அதை இன்னும் அனுஷ்டிப்பதற்கு, சில ஒளிபரப்புகளின் ஓரத்துக் குப்பையை மறைக்கலாம் என்பதைத் தவிர வேறு சமாதானமில்லை.

ஓரம் கொஞ்சம் போனாலென்ன என்பீர்கள். நஷ்டம் நடுவிலும் உண்டு என்பதே இதில் ரசமான விஷயம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தில் 5 சதவீதத்தைப் பெட்டி கத்தரிக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 1824-க்கு 1026. திரையிலோ பழைய 1920 இடங்களும் காத்திருக்கின்றன. ஆக, 19 புள்ளிகளைக் கொண்டு 20 இடங்களை நிரப்பியாக வேண்டும். பந்தியில் 20 இலை போட்டபின் வடை 19-தான் என்று தெரியவந்தால், பட்சபாதமற்ற பரிசாரகன் என்ன செய்வான்? முதல் இலைக்கு முதல் வடையில் ஒரு விள்ளல் குறைத்துப் போடுவான்; இரண்டாம் இலைக்கு அந்த விள்ளலும் இரண்டாம் வடையின் பெரும்பகுதியும்; இப்படியே போய்ப் பத்தாம் இலையில் ஒன்பதாம் வடை ஏறக்குறைய பாதியும் பத்தாம் வடை பாதியும் விழும்; பிறகு கலப்பு படிப்படியாகக் குறைந்து, இருபதாம் இலைக்கு ஒரே வடையின் துண்டு கிடைக்கும். எல்லாம் உளுந்து வடையானால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார். சினிமாவின் நீல வானம் அப்படிப்பட்டது. ஒன்றுவிட்டு ஒன்று மசால் வடையானாலோ, இரு கோடியிலும் இருப்பவர்கள் தாம் தின்றது இன்னதென்று சத்தியம் செய்வார்கள். நடுவில் அமர்ந்த சம்பந்திக்கு மட்டும் அது எந்த ஜாதி வடை என்றே விளங்காது, கல்யாணமே தகராறில் முடியும். எழுத்தின் கதியும் இதுதான். வெள்ளைப் பின்னணியில் ஒரே புள்ளி அகலமுள்ள கறுப்புக் கால் நடு இலைகளில் விழுந்தால், இரண்டு சாம்பல் கோடுகளாகிவிடும். திரையின் அகலத்தில் இப்படி 96 பந்திகள் நடக்கின்றன. பெட்டிகள் போடும் கணக்கு இன்னும் நாசூக்கானது, பலன் ஒன்றுதான்.

நிவர்த்தி, தொலைக்காட்சியின் பட அளவுப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆளுக்கொரு நாமகரணம் செய்திருக்கிறார்கள்: எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்', ஷார்ப்பில் 'டாட் பை டாட்'. அதை விட்டுவிட்டுக் கணினியில் படத்தைச் சுருக்கினால் ஓரம் திரும்பும். ஆனால் வெட்டிய வடையை மறுபடி வெட்டியதாகும். கணினி அனுப்பும் அளவும் திரையின் சொந்த அளவாயிருக்கிறதா என்று பாருங்கள்: 1366-க்கு 768 திரையுள்ள மடிக்கணினியில் 'டூப்ளிகேட்' வைத்தால், பெரும்பாலும் அந்தச் சிறிய படமே தொலைக்காட்சிக்கும் போகும்.

செயற்கை நுண்ணறிவு படத்தைத் தேற்றும் என்ற விளம்பரத்தை, புள்ளிகள் நேருக்கு நேர் பொருந்திய பிறகு நம்புவதா என்று யோசிக்கலாம். தொலைக்காட்சியிலுள்ள 'ஷார்ப்னெஸ்' அமைப்போ, படத்தில் இல்லாத நுட்பத்தைச் சேர்ப்பதில்லை, எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டுகிறது. அந்த விளிம்பு மறையும் வரை அதை இறக்கிவிடுங்கள்.