விண்ணிலிருந்து தூசியை அளக்கும் ஒன்பது கண்கள்

காலையில் முதற் பாடவேளையின்போது எங்கள் வகுப்பறையின் கிழக்குச் சன்னல் வழியே வெயில் சாய்ந்து விழும். கரும்பலகையைத் துடைத்தவுடன் அந்த ஒளிக்கற்றையில் சுண்ணக்கட்டித் தூள் பொன்துகளாய் மிதப்பதைக் காணலாம். சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் தோழிக்கோ அவ்வளவு தூசியும் கண்ணில் படுவதில்லை! தூசி ஒன்றுதான், பார்க்கும் கோணம் வேறு. இந்தச் சிறு உண்மையை நம்பித்தான் விஞ்ஞானிகள் விண்ணுக்கு ஒரு கருவியை அனுப்பினார்கள்.

காற்றில் மிதக்கும் நுண்துகள்களை ஏரோசால் என்பர். பாலைவனப் புழுதி, கடலலை தெறிக்கும் உப்பு, எரிமலைச் சாம்பல், ஆலைப் புகை, அடுப்புப் புகை யாவும் இதில் அடங்கும். இவற்றுள் மிகச் சிறியவை, தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கும் அதற்குக் குறைவும் ஆனவை, நுரையீரலின் ஆழம் வரை சென்றுவிடும். ஆகவே அவை எங்கே, எவ்வளவு என்று அறிவது மிகவும் தேவை. ஆனால் ஊருக்கு ஊர் அளவுக் கருவி வைப்பது எளிதா?

1999 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவின் நாசா நிறுவனம் டெர்ரா என்னும் செயற்கைக்கோளை ஏவியது. (பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்திய போட்டியில் கிடைத்த பெயராம் இது! எங்களுக்கு ஒரே பெருமிதம்.) 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய அதில் மைசர் என்ற கருவி இருந்தது. அதற்கு ஒன்பது காமிராக்கள். ஒன்று நேர் கீழே நோக்கும். நான்கு முன்புறமும் நான்கு பின்புறமும் வெவ்வேறு கோணங்களில் சாய்ந்து நோக்கும். பூமியில் ஓர் இடத்தை ஒன்பதும் பார்த்து முடிக்க ஏழு நிமிடங்கள் ஆகும்.

ஒன்பது எதற்கு என்று கேட்கலாம். கடல் இருண்ட நிறமுடையது. அதன்மேல் தூசி படர்ந்தால் வெளுப்பாகத் தெரிந்துவிடும். பாலைவனமோ தானே பளிச்சென்று இருக்கிறது. வெள்ளைச் சேலையில் சுண்ணக்கட்டித் தூள் தெரியுமா? அங்கேதான் சாய்ந்த பார்வை கைகொடுக்கிறது. 60 பாகை சாய்ந்து பார்த்தால், பார்வை கடக்கும் காற்று இரு மடங்காகிறது. கடைசிக் காமிராவின் 70.5 பாகையில் அது மும்மடங்கு! தரை அதே தரைதான்; இடையிலுள்ள தூசி மட்டும் அடர்ந்து தோன்றும். மேலும், உருண்டையான துகள் ஒளியைச் சிதறும் விதம் வேறு, கோணல்மாணலான பாலைவனப் புழுதி சிதறும் விதம் வேறு. ஆகையால் வந்தது புழுதியா, புகையா என்றும் ஓரளவு சொல்லிவிடலாம்.

அளவை ஒளியியல் தடிமன் என்னும் எண்ணால் குறிப்பர். நண்பகலில் சூரியன் உச்சியில் நிற்கும்போது, அந்த எண் 0.1 என்றால் நேராக வரும் ஒளியில் நூற்றுக்கு 90 பங்கு தூசியைக் கடந்து வரும். 1 என்றாலோ 37 பங்குதான்.

2004-ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் லாரி டி ஜிரொலாமோவும் உடன் ஆய்ந்தோரும் மைசர் அளவுகளைக் கொண்டு இந்தியாவை ஆராய்ந்தனர். குளிர்காலத்தில் பீகாரின்மேல் அடர்ந்த மூட்டம் தேங்குவதைக் கண்டனர். பெரிய ஆலை நகரங்களைத் தேடிய எங்களுக்கு வியப்பு! விறகும் வறட்டியும் எரியும் வீட்டடுப்புகளின் புகையும், அதைக் கலைந்துபோக விடாத காற்றோட்டமும் காரணங்களாகக் கூறப்பட்டன. அடுப்பருகே அமர்ந்திருப்பவர்கள் தாய்மார்களும் நம் வயதுப் பெண்களும் அல்லவா?

விண்கருவிக்கும் குறை உண்டு. மேகம் மறைத்தால் அளக்க இயலாது. மேலும் அது காட்டுவது உச்சி முதல் தரை வரையுள்ள மொத்தத் தூசி; நாம் சுவாசிப்பது தரையருகே உள்ளதை மட்டுமே. எனவே கீழிருந்து சூரியனை நோக்கும் கருவிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். அத்தகைய கருவி ஒன்று 2001-இல் கான்பூரில் நிறுவப்பட்டது. 2010-இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தினர் மைசரின் அளவுகளையும், அதே செயற்கைக்கோளிலுள்ள மோடிஸ் என்னும் கருவியின் அளவுகளையும் கணக்கிட்டுச் சேர்த்து, தரையருகே உள்ள நுண்துகளுக்கு ஓர் உலகப் படம் வரைந்தனர். அளவுக் கருவி ஒன்றுகூட இல்லாத ஊர்களுக்கும் அதில் ஓர் எண் கிடைத்தது.