நுளம்பைக் கொல்லும், மீனைத் தொடாது

பதுளை, பசறை, ஹாலிஎலத் தோட்டங்களில் பீலித் தண்ணீர் எந்நேரமும் ஒரே சீராக வராது. அதனால் லயத்து வாசல்களில் பீப்பாய் நிற்கும். மூடாத பீப்பாயை எட்டிப் பார்த்தால், நுளம்புக் குடம்பிகள் வால் முனைக் குழாயை நீர்மட்டத்தில் ஒட்டவைத்துத் தலைகீழாகத் தொங்கும். வாயோரத்து மயிர்க்கற்றைகள் ஓயாமல் அசைந்து, தண்ணீரில் மிதக்கும் துகள்களை உள்ளே தள்ளும். உள்ளே போவது இரையா எமனா என்று அவை பார்ப்பதில்லை.

பி.டி.ஐ. என்ற பக்டீரியா அந்த வழியில்தான் நுழைகிறது. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனக் குட்டையொன்றில் யோயெல் மார்கலித் எடுத்த மாதிரியில் கிடைத்தது இது. வித்தி உருவாகும்போது கூடவே புரதப் படிகங்களையும் உண்டாக்கும். படிகம் அப்படியே நஞ்சல்ல. கடுங்காரமான குடலில் அது கரைய வேண்டும். அங்குள்ள நொதிகள் அதை வெட்ட வேண்டும். பிறகு குடற்கலத்தின் குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்ட வேண்டும். நுளம்புக் குடம்பியிடம் மூன்றும் உண்டு. கலங்களில் துளை விழுந்து, அவை வீங்கி வெடிக்கும். ஓரிரு நாளில் குடம்பி செத்துவிடும். கூட்டுப்புழு மட்டும் தப்பும். அது எதையும் தின்பதில்லை.

மீனுக்கும் வாற்பேய்க்கும் நமக்கும் இம்மூன்றும் ஒருசேர அமைவதில்லை. அதனால்தான் குடிதண்ணீர்ப் பாத்திரங்களிலும் உரிய தயாரிப்பை உரிய அளவில் இட உலக சுகாதார நிறுவனம் இடங்கொடுக்கிறது.

நுளம்பின் சொந்தக்காரர்கள் பாடு வேறு. ஓடும் நீரில் வளரும் கருப்பு ஈயின் குடம்பியும் இதில் சாகும். மேற்கு ஆபிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயைத் தடுக்க ஆறுகளில் இதை ஊற்றியது அதற்காகவே. அளவு மிஞ்சினால், கடிக்காத சிற்றீக்களான கைரோனமிட்களும் குறையும். அவை மீனுக்கும் பறவைக்கும் இரை. பிரான்சின் கமார்க் சதுப்புநிலத்தில் மருந்திட்ட இடங்களில் தகைவிலான் குருவிகள் குறைவான குஞ்சுகளையே வளர்த்தெடுத்தன என்று 2010இல் வெளியான ஆய்வு சொன்னது. பறவைக்கு நஞ்சேறவில்லை; இரைதான் குறைந்தது.

ஊவாவில் இந்தச் சிக்கலைத் தவிர்ப்பது எளிது. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவானார்கள். அந்நோயைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு, ஓடும் பதுளு ஓயாவை நாடாது; பீப்பாய், டயர், சிரட்டை போன்றவற்றில் தேங்கிய நீரையே தேடும். சிரட்டையைக் கவிழ்க்கலாம், டயரை அகற்றலாம். கவிழ்க்கவோ மூடவோ முடியாத பீப்பாய்க்கும் தொட்டிக்கும் மட்டும் மருந்து போதும். மருந்து ஓடைக்குப் போகாதவரை, அங்குள்ள சிற்றீக்கும் அதைத் தின்னும் மீனுக்கும் கேடில்லை.