நெல்லுக்குப் பழகிய மண்ணில் கத்தரி

பூம்புகாரில் கடலோரம் மணல். மேற்கே திருவெண்காடு பக்கம் வயலில் இறங்கினால் களி. சம்பா அறுத்த கையோடு, தைப்பட்டத்துக்குக் கொல்லையில் கத்தரியும் வெண்டையும் போட மண்வெட்டி எடுப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள்: "மண்ணு சரியில்லீங்க."

மண்ணைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் கீழே இறங்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சேறடித்துப் பழக்கிய மண் அது. சேற்றுழவில் மண்ணின் சிறுகட்டிகள் கூழாகிவிடும். ஒரு சாண் ஆழத்தில், மாடும் டிராக்டரும் மிதித்து இறுகிய அடுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். நெல்லுக்கு அது வரம். கத்தரி வேருக்கு மூச்சு முட்டும்.

அந்த அடுக்கை உடைப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பதம் முக்கியம். ஒரு சாண் ஆழத்து மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். பொலபொலவென உதிர்ந்தால் கொத்தலாம். அப்பளமாய்த் தட்டையாகிவிட்டால் நாலு நாள் பொறுங்கள். நான் ஒரு வருஷம் பொறுக்காமல் ஈரத்திலேயே கொத்தினேன். மாசி வெயிலில் கட்டிகளை உடைக்கச் சுத்தியல் தேட வேண்டியதாயிற்று.

நாலு கூடை மணல் கொட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. மணலின் இடுக்குகளைக் களி அடைத்துக்கொண்டு இன்னும் இறுகும். மட்கிய சாணமும் சருகும்தான் களியை மறுபடி சிறுகட்டிகளாகச் சேர்க்கும். மூணு விரல் கனத்துக்குப் பரப்பிக் கொத்திக் கலந்து, நாலடி அகலத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். அப்புறம் பாத்திமேல் கால் வைக்கவே கூடாது. வெயிலில் வெடிப்பு விடாமலிருக்க, களத்தில் கிடக்கும் வைக்கோலை மூடாக்காகப் போடலாம்.

கடைமடையான இந்தப் பகுதிக்கு இன்னொரு தொல்லை உப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையோர வயல்களில் கடல்நீரே புகுந்தது. உப்பின் சோடியம் களியில் தங்கியிருக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுண்டுவிரல் நகமளவு காய்ந்த கட்டியை மழைத்தண்ணீர் உள்ள டம்ளரில் போட்டு, அசைக்காமல் விடுங்கள். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கலாம். அதற்கு ஜிப்சம்: அதிலுள்ள கால்சியம் களியிலிருந்து சோடியத்தை விடுவிக்கும், நல்ல தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும். வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சம் போடுவது வீண்செலவு. அளவை மண் ஆய்வுக்கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடைக் காய்கறி ஓய்ந்ததும் பாத்தியைச் சும்மா விடாதீர்கள். தக்கைப்பூண்டு விதையுங்கள், சென்ட்டுக்கு 200 கிராம் போதும். தண்ணீர் தேங்கினாலும் உப்பிருந்தாலும் தாங்கும். அதன் வேர் களியைத் துளைக்கும், வேர்முடிச்சு தழைச்சத்து சேர்க்கும். 45 நாளில், பூக்கும் முன் மடக்கிக் கொத்திவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் தண்டு நாராகிவிடும்; மண்வெட்டி வழுக்கும்.