உங்களுக்குத் தெரியுமா? மளிகைக் கடை மாடியில் ஒரு மருத்துவ மையம்!

▪ டாக்டரிடம் உண்மையைச் சொல்லவே தன்பாலீர்ப்பாளர்கள் பயந்த காலம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதே 1973 டிசம்பரில்தான். மறு ஆண்டு, சிகாகோவில் மருத்துவ மாணவர்கள் சிலர் மளிகைக் கடைக்கு மேலிருந்த சிறிய வீட்டில் தன்பாலீர்ப்பாளர்களுக்கென ஒரு கிளினிக் தொடங்கினார்கள். பால்வினை நோய்ப் பரிசோதனைதான் முதல் வேலை.

▪ பின்னர் அதற்கு ஹோவர்ட் பிரவுனின் பெயர் சூட்டப்பட்டது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறைக்குத் தலைமை வகித்த இந்த டாக்டர், தானும் தன்பாலீர்ப்பாளர் என 1973-இல் அறிவித்தார். ‘நியூயார்க் டைம்ஸ்’ அதை முதல் பக்கத்தில் வெளியிட்டது.

▪ இப்போது நம் ஊரில் பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடுகிறார்கள். அந்நோய்க்கான முதல் தடுப்பூசி 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முந்தைய ஆய்வுகளில் இந்த கிளினிக்குக்கும் பங்குண்டு!