பித்தளையின் பிளவும் பருவத்தின் மேற் பழியும்

கலைச்சொற்கள் சில வேளைகளில் நிகழ்ச்சியின் காரணத்தைப் புலப்படுத்தாது மறைத்துவிடுகின்றன. இந்தியாவில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படையினரின் பித்தளைத் தோட்டாவுறைகள் மழைக்காலத்திற் பிளவுற்றமைக்கு வழங்கிய ‘பருவ வெடிப்பு’ என்னும் பெயர் அத்தகையதே. குற்றவாளி காலநிலை என்ற மயக்கத்தை அது தோற்றுவிக்கிறது. உண்மைக் காரணத்தை அறியவேண்டுமாயின் நாம் தொழிற்சாலைக்குச் செல்லவேண்டும்.

70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளைத் தகடு முதலிற் கிண்ணமாக அழுத்தப்படுகிறது. பின்னர் அச்சுகளினூடே படிப்படியாக நீட்டப்படுகிறது. உலோகம் குளிர்ந்திருக்கையிலேயே இவை யாவும் நிகழ்கின்றன. ஒவ்வோர் இழுப்பும் உலோகத்தின் பளிங்கு மணிகளை உருக்குலைத்து அதனை வன்மையாக்குகிறது. இடையிடையே சூடாக்கி ஆற்றினாலன்றி அடுத்த இழுப்பை அது தாங்காது. நம் கன்னார் குடம் அடிக்கும்போது இடையிடையே அதை உலையிலிடுவதும் இதன்பொருட்டே. ஆயினும், கடைசி இழுப்பிற்கும் கழுத்தைக் குறுக்குதற்கும் பின்னர் ஒரு தகைப்பு உள்ளே எஞ்சிவிடுகிறது. அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை, அளவுகோலுக்கும் அகப்படுவதில்லை.

மழைக்காலத்தில் இத்தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா ஈரலிப்போடு கூடிப் பித்தளையைத் தாக்கியது. தகைப்பற்ற பித்தளையாயின் இத்தாக்கம் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றிருக்கும். தகைப்புற்ற உறையிலோ மணிகளின் எல்லைவழியே பிளவு ஊடுருவியது. 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் இவ்விளக்கத்தை முன்வைத்தனர். மழை வாய்ப்பளித்தது, லாயம் நஞ்சை வழங்கியது, தகைப்போ உற்பத்தி முறையிலேயே பிறந்தது.

பரிகாரம் எளியது. ஏறக்குறைய 260 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வைத்தால், வன்மை பெரிதும் குன்றாமலே தகைப்பு தளரும். முழுமையாக மென்மையாக்க இதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். ஆனால் உறை முழுவதையும் மென்மையாக்குதல் ஆபத்தானது: வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பகுதி வன்மையாகவே இருத்தல் அவசியம். எனவே கழுத்தும் தோளும் மட்டுமே அவ்வாறு சூடாக்கப்படுகின்றன.

சுடப்பட்ட உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவோருக்கும் இதே பிரச்சினை உண்டு. சுடுகையிற் கழுத்து விரிகிறது. பழைய அளவுக்கு மீண்டும் நெருக்கப்படுகிறது. சிலமுறை இவ்வாறு நிகழ்ந்தபின் அது இறுகிப் பிளக்கும். ஆதலின் அவர்களுட் சிலர் உறையின் அடியைத் தட்டிலுள்ள நீரில் நிறுத்தி, கழுத்தை மட்டும் தீச்சுவாலையிற் காட்டுகின்றனர். இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் கழுத்திற் காணப்படும் மங்கிய நீலச்சாயல் அச்சூட்டின் தடயமே. விற்பனைக்கான தோட்டாக்களில் அது பெரும்பாலும் மெருகிட்டு நீக்கப்படுகிறது.