சாலைப் புகையைக் கணினியில் அளக்கலாம்!

2005 ஆகஸ்ட்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்தப் புகைமூட்டம் கண்ணுக்குத் தெரிந்ததால் பயந்தோம், முகக்கவசம் வாங்கினோம். ஆனால், தினமும் நம் வாகனங்கள் கக்கும் புகை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குறியீட்டிலும் அது தனியாகத் தெரியாது. சுற்றுச்சூழல் துறையின் கண்காணிப்பு நிலையங்கள் செராஸ், பத்து மூடா, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் போன்ற சில இடங்களில்தான் உள்ளன. அவை ஒரு வட்டாரத்தின் காற்றைச் சொல்லும். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில், கடை வாசலில் நாள் முழுக்கப் பூக்கட்டும் அம்மா எதைச் சுவாசிக்கிறார் என்பதைச் சொல்லாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் போக்குவரத்துப் பாவனை மென்பொருள்கள் வந்துள்ளன. அவற்றில் ஒன்று 'சுமோ'. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கியது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். லக்சம்பர்க் நகரின் ஒரு முழு நாள் போக்குவரத்தையே ஆய்வாளர்கள் இதில் உருவாக்கியிருக்கிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது?

கணினித் துறையில் இருப்பதால் எனக்கும் ஆசை வந்தது. ஓப்பன்ஸ்டிரீட்மேப் வரைபடத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சாலைகளை எடுத்துப் போட்டேன். திரையில் ஒவ்வொரு காரும் ஒரு சிறிய மஞ்சள் முக்கோணம். ஒவ்வொன்றும் முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகம் கூட்டுகிறது, குறைக்கிறது, சிவப்பு விளக்கில் நிற்கிறது. ஒவ்வொரு நொடியும் அதன் வேகத்தையும் முடுக்கத்தையும் வைத்து, எவ்வளவு எரிபொருள் எரிந்தது, எவ்வளவு கரியமில வாயு, நைட்ரஜன் ஆக்ஸைடு, நுண்துகள் வெளியேறின என்று மென்பொருள் கணக்கிடுகிறது.

பிறகு, ஒரு கடை முன்னே ஒரே ஒரு காரைச் சாலையை அடைத்து நிறுத்தி வைத்தேன். 'ரெண்டே நிமிஷம், வந்துடுறேன்' என்று நாம் நிறுத்துவோமே, அதேபோல. பின்னால் வரிசை நீண்டது. நின்று நின்று நகர்ந்த ஒவ்வொரு வண்டியும் அதே தூரத்துக்குக் கூடுதல் எரிபொருள் குடித்தது. எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்பது மட்டும் கணக்கல்ல; எப்படி ஓடினோம் என்பதும் கணக்கு.

கையாலும் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். நின்றபடி இயங்கும் கார் மணிக்கு 0.8 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்தில் ஒரு கார் வெளியிடுவது 300 கிராம். 100 கார்கள் என்றால் 30 கிலோ!

நம் ஊருக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. சுமோ பயன்படுத்தும் புகை அளவீடுகள் ஐரோப்பிய வாகனங்களை வைத்துத் தயாரானவை. நம் சாலையிலோ பழைய வேன்களும் துறைமுகத்துக்குப் போகும் டீசல் லாரிகளும் அதிகம். கார்களுக்கு நடுவே புகுந்து போகும் மோட்டார் சைக்கிள்களைத் தனியாகக் கவனித்து அமைக்க வேண்டும். எந்தச் சந்திப்பில் எந்த நேரத்தில் எத்தனை வண்டிகள் என்ற உண்மைக் கணக்கும் வேண்டும். அந்த எண்ணிக்கையை நானே ஊகித்துப் போட்டதால்தான் என் பாவனையின் அளவுகளை இங்கே தரவில்லை.

ஆனால், கணக்கு சரியாக இருந்தால் பயன் பெரிது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலுக்கோ, தீபாவளி நேரத்து லிட்டில் இந்தியாவுக்கோ, சமிக்ஞை விளக்கின் நேரத்தை மாற்றினால் என்ன ஆகும், ஒரு பாதையை மூடினால் புகை எந்தத் தெருவுக்கு நகரும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். தார் ஊற்றிய பிறகு வருந்த வேண்டியதில்லை. உங்கள் வட்டாரத்தில் சாலை மாற்றம் வரும்போது, 'நெரிசல் குறையுமா?' என்பதோடு 'புகை எங்கே போகும்?' என்றும் மாநகர் மன்றத்தைக் கேளுங்கள்.

அதுவரை நம் கையில் ஒன்று இருக்கிறது. பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது, வாசலுக்கு ஓடிவரும் நம் பிள்ளைதான்.